முன் பிரேக்

பைக்கின் முன் சக்கரத்தைக் கழற்றி பிரேக் டிரம்மைத் திறந்தபோது, உள்ளே இருந்த பிரேக் கட்டைகள் புத்தம் புதிதாக இருந்தன. நான் எதிர்பார்த்ததே வேறு. தேய்ந்து இரும்பு தெரியும், கறுப்புத் தூள் கொட்டும், பார்த்ததும் நாலு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டுத் தூக்கி எறியலாம் என்று நினைத்திருந்தேன். கட்டையின் விளிம்பில் கம்பெனிக்காரன் போட்ட மஞ்சள் கோடுகூட அழியவில்லை. ஸ்பிரிங் இரண்டும் விறைப்பாக இருந்தன. லீவரைக் கையால் தள்ளிப் பார்த்தேன். சொன்ன பேச்சுக் கேட்கிற பிள்ளைகள் மாதிரி இரண்டு கட்டைகளும் ஒன்றாக விரிந்தன. இந்த பிரேக் பிடிக்காமல் போனதால்தான் என் தங்கையின் கணவர் போன வருஷம் இறந்துபோனார் என்று எங்கள் குடும்பமே நம்பிக்கொண்டிருந்தது.

தங்கை பட்டறை வாசலில் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

“எப்படிண்ணா இருக்கு?”

“தேஞ்சு போச்சு,” என்றேன். கட்டைகளை அழுக்குத் துணியில் சுருட்டி மேசைக்கு அடியில் காலால் தள்ளினேன். “சுத்தமா ஒண்ணுமே இல்ல.”

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். பொய் சொன்னது எனக்கு உறுத்தவில்லை. பொய் சொல்வது எனக்குத் தொழில், வண்டி எப்போது கிடைக்கும் என்று கேட்கிறவர்களிடம் தினமும் சொல்கிறேன். பிரேக் நன்றாக இருந்தது என்றால் அதற்கு அர்த்தம் ஒன்றுதான். மாப்பிள்ளை அதை அழுத்தவில்லை.

அவர் லிஃப்ட் பராமரிக்கிற வேலையில் இருந்தவர். பிரேக்கைச் சோதிக்காமல் எதிலும் ஏறாத மனுஷன். எங்கள் வீட்டு மாடிப்படியின் கைப்பிடியைக்கூட ஒரு தடவை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் பிடிப்பார் என்று நாங்கள் கேலி செய்வோம், அவரும் சிரிப்பார். கடைசியில் கொஞ்ச காலமாக அவருடைய பேச்சு குறைந்துபோனது. வேலையிலிருந்து வந்ததும் வீட்டுக்குள் வராமல், நிறுத்திய வண்டி மேல் இன்ஜினை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருக்கிறார் என்று தங்கை ஒருமுறை சொன்னாள். களைப்பாக இருக்கும் என்று நான் பெரிய மனுஷன் மாதிரி பதில் சொன்னேன். பிறகு ஒரு விடுமுறை நாள் காலையில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கிற இறக்கத்தில், ஆளே இல்லாத சாலையில், வளைவில் திரும்பாமல் நேராகப் போய்விட்டார். வண்டி பள்ளத்து விளிம்பில் இருந்த புதரில் சிக்கிக்கொண்டது. அவர் சிக்கவில்லை. பழைய வண்டி, டிரம் பிரேக், இறக்கத்தில் எங்கே பிடிக்கும் என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். அந்த வார்த்தையை நாங்கள் எல்லோரும் இறுக்கிப் பிடித்துக்கொண்டோம்.

ஒரு வருஷம் தார்ப்பாயின் கீழ் கிடந்த வண்டியைத் தங்கைதான் ஆள் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தாள். “முன்னால டிஸ்க் பிரேக் போடு. ஃபோர்க்கைப் பிரிச்சுப் பாரு. பின்னால ஷாக் ரெண்டும் புதுசு போடு. நான் ஓட்டப் போறேன்.”

பழைய வண்டிக்குப் புது பிரேக் போடச் சொல்கிறவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பார்க்கப் பழசாக இருக்க வேண்டுமாம், ஓட்டப் புதுசாக இருக்க வேண்டுமாம். வேறு யாராவது என்றால் வாசலோடு திருப்பி அனுப்பியிருப்பேன். “எங்க ஓட்டப் போற?” என்று கேட்டேன்.

“அந்த இறக்கத்துல. ஒரே ஒரு தடவை அந்த இடத்துல அது நிக்கணும்ணா. நின்னதை நான் கண்ணால பார்க்கணும்.”

நிற்கட்டும், பார்க்கட்டும், அதோடு அவள் மனசும் ஆறட்டும் என்று நினைத்தேன். டிரம்மைத் திறந்த பிறகோ, அதுவரை அந்தத் துணி மூட்டை அவள் கண்ணில் படாமல் இருந்தால் போதும் என்று ஆகிவிட்டது.

முன் சக்கரத்தைத் தாங்கி அதிர்ச்சியை வாங்குகிற ஃபோர்க்கைப் பிரித்தேன். உள்ளே இருந்த எண்ணெய் சாக்கடைத் தண்ணீராகியிருந்தது. புது ஸ்பிரிங், புது சீல், புது எண்ணெய். டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற காலிப்பரை வேறொரு வண்டியிலிருந்து எடுத்தேன்; அதைப் பொருத்த ஒரு தாங்கி வேண்டியிருந்தது. எதிர்க் கடை வெல்டர் அட்டையில் வெட்டி அளவெடுத்து, இரண்டு தடவை தப்பாகச் செய்து, மூன்றாவதைக் கொண்டுவந்தார். “கிழவருக்குப் பல் செட்டு கட்டுறீங்க. கடிச்சிடப் போறாரு,” என்றார். பழைய கேபிள் போய் எண்ணெய்க் குழாய் வந்தது.

பின்பக்க ஷாக்கில் ஓட்டுகிறவரின் எடைக்குத் தக்கபடி ஸ்பிரிங்கை இறுக்கி வைக்க ஒரு வளையம் உண்டு. ஒருவர் உட்காரும்போது வண்டி எவ்வளவு அமுங்குகிறது என்று அளந்து அதைத் திருப்ப வேண்டும். தங்கையை ஏறி உட்காரச் சொன்னேன். காற்றடித்தால் பறந்துவிடுவாள் என்று அம்மா திட்டுகிற உடம்பு அது. வண்டி அமுங்கியது, பிறகு இன்னும் கொஞ்சம் அமுங்கியது. மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே இரண்டு விரல்தான் போயிற்று. வளையத்தை இறுக்கினேன், அப்படியேதான் இருந்தது. ஸ்பிரிங் போலியாக இருக்கும் என்றார் வெல்டர். அவளை இறங்கச் சொல்லிவிட்டு நானே ஏறினேன். என் எடைக்கு வண்டி பாதிகூட அமுங்கவில்லை. “அண்ணா, உன்னை விட நான் குண்டா?” என்று அவள் சிரித்தாள். அந்த வருஷத்தில் அவள் சிரித்து நான் கேட்டது அப்போதுதான். அதனால் மேற்கொண்டு ஒன்றும் சொல்லாமல் வளையத்தைக் கடைசிப் படி வரை இறுக்கிவிட்டு அடுத்த வேலைக்குப் போனேன்.

அடுத்த வேலை காற்று எடுப்பது. புதுக் குழாயில் எண்ணெய் ஊற்றினால் உள்ளே காற்றுக் குமிழி நிற்கும். அது இருக்கிற வரை பிரேக் பிடிக்காது. இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கைப்பிடிப் பக்கம் நின்று லீவரை அழுத்திப் பிடிக்க வேண்டும், இன்னொருவர் கீழே குந்திக்கொண்டு காலிப்பரில் இருக்கிற சின்ன திருகைத் திறந்து மூட வேண்டும். எண்ணெயோடு குமிழி வெளியே வரும். நடுவில் மேலே இருப்பவரே அங்கிருக்கிற கிண்ணத்தில் எண்ணெய் குறையாமல் ஊற்றிக்கொண்டும் இருக்க வேண்டும். கீழே இருப்பவனுக்கு மேலே இருப்பவர் முகம் தெரியாது, குரல் கொடுத்துத்தான் வேலை நடக்கும். “அழுத்து. பிடி. ம், விடு.” பட்டறையில் வேறு ஆள் இல்லை, தங்கையே நின்றாள். ஆரம்பத்தில் அவள் அவசரப்பட்டு நடுவிலேயே விட்டுவிட்டாள். காற்று திரும்ப உள்ளே போயிற்று. நான் கொஞ்சம் கத்திவிட்டேன். அதற்குப் பிறகு அவள் பதில் பேசவில்லை. கோபம் போலிருக்கிறது, இருக்கட்டும் என்று நான் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனேன்.

ஆனால் வேலை பிரமாதமாக நடந்தது. அழுத்து என்றால் நிதானமாக ஒரே சீராக அழுத்தம் வந்தது. திருகை மூடும் வரை இம்மியும் தளரவில்லை. திருகில் மாட்டிய கண்ணாடி மாதிரியான குழாயில் குமிழிகள் சிறுத்துக்கொண்டே வந்து, கடைசியில் வெறும் எண்ணெய் வந்தது. “கத்துக்கிட்டியே!” என்று சொல்லிக்கொண்டு முழங்காலைப் பிடித்தபடி எழுந்தேன்.

கைப்பிடிப் பக்கம் யாரும் இல்லை.

தங்கை தெருவுக்கு அந்தப் பக்கம், வெல்டர் கடை முன்னால் டீ டம்ளரோடு நின்று போனில் பேசிக்கொண்டிருந்தாள். டம்ளரில் டீ அடிமட்டத்தில் இருந்தது. என்னைப் பார்த்ததும் வந்தாள். “எப்ப போன?” என்றேன். “நீ கத்தினப்பவேண்ணா. போன் வந்துச்சு, சொல்லிட்டுத்தானே போனேன்?” எண்ணெய்க் கிண்ணத்தைப் பார்த்தேன். குறியிட்ட கோடு வரை எண்ணெய் நிறைந்திருந்தது. கிண்ணத்தின் மூடி தூசு படாமல் துணி மேல் மல்லாக்க வைக்கப்பட்டு, அதன் திருகுகள் இரண்டும் பக்கத்தில் நேராக நிறுத்தப்பட்டிருந்தன. நான்கூட அப்படி வைப்பதில்லை. லீவரை அழுத்தினேன். கல் மாதிரி நின்றது. அன்று மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் நல்ல வெயிலில் கிளம்பினோம். அவள் முன்னால், நான் என் ஸ்கூட்டரில் பின்னால். வேண்டாம் என்று சொல்லப் பார்த்தேன். காரணம் கேட்டால் என்ன சொல்வது, பிரேக் ரொம்ப நன்றாக இருக்கிறது என்றா? அவள் ஒழுங்காகத்தான் ஓட்டினாள். ஒற்றை ஆள் போகிற வண்டியின் பின்பக்கம் பள்ளம் மேடுகளில் துள்ள வேண்டும். அது துள்ளவில்லை. மூட்டை ஏற்றிய வண்டி மாதிரி நிதானமாக ஏறி இறங்கியது.

தண்ணீர்த் தொட்டி தாண்டியதும் இறக்கம் ஆரம்பித்தது. அவள் வேகத்தைக் குறைக்கவில்லை. வளைவு இன்னும் வெகு தூரம் இருக்கும்போது முன் பிரேக்கைப் பிடிக்க வேண்டிய அவளுடைய வலது கை கைப்பிடியிலிருந்து இறங்கித் தொடை மேல் விழுந்தது. கால்கள் இரண்டையும் மிதிகளிலிருந்து எடுத்து அகலமாக விரித்தாள். நான் ஹாரனை அழுத்தினேன், அவள் பெயரைச் சொல்லிக் கத்தினேன். அப்போது வண்டியின் பின்னால் சிவப்பு விளக்கு எரிந்தது. முன்பக்கம் தலை கவிழ்ந்த மாதிரி அமுங்க, வண்டி ஒரு சின்ன ஆட்டம்கூட இல்லாமல் நேராக இழுத்து நின்றது, விளிம்புக் கல்லுக்கு ஒரு முழம் முன்னால்.

நான் போய்ச் சேர்ந்தபோது அவள் ஸ்டாண்டைப் போட்டு இறங்கி நின்றிருந்தாள். வண்டி மேல் யாரும் இல்லை. சிவப்பு விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. ஃபோர்க் அமுங்கியபடியே இருந்தது.

“பார்த்தியாண்ணா?”

“உனக்கு என்ன பைத்தியமா?” அவளை அறைந்துவிடலாம் போல இருந்தது. “எதுக்குடி கையை எடுத்த?”

“அந்தக் கட்டை தேயல,” என்றாள். “அவர் போன அந்த வாரம்தான் நானே கொண்டுபோய் மாத்தினேன். நீ ஊர்ல இல்ல, வேற பட்டறையில குடுத்தேன்.”

ஒரு வருஷமாக எல்லோரும் பிரேக்கைத் திட்டும்போது, அவளும் கூடவே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

“அவரோட அம்மா பிரேக்கைத் திட்டி அழுதாங்க. திட்டட்டும், அதாவது இருக்கட்டும்னு விட்டுட்டேன். ஆனா அவர் இந்த வண்டியிலதான் இருக்காரு, எனக்குத் தெரியணும்ல? அவரால முடியாம போச்சா, இல்ல மனசு வரலையான்னு.”

எண்ணெய் வருகிற சின்ன ஓட்டை அடைத்திருக்கும், சூட்டில் பிரேக் தானாகப் பிடித்திருக்கும் என்று உளற ஆரம்பித்தேன். அவள் குழந்தை பேசுவதைக் கேட்கிற மாதிரி கேட்டாள். எனக்கே தெரியும், அந்த விளக்குக்கான இணைப்பை நான் லீவரில் மட்டும்தான் கொடுத்திருந்தேன். லீவரை யாராவது இழுத்தால் ஒழிய அது எரியாது.

“முடியுதுண்ணா. நல்லாவே முடியுது,” என்றாள். பிறகு வண்டியின் பக்கம் திரும்பினாள். அவளுடைய முகம் அப்படிக் கோணி நான் பார்த்ததில்லை. “எனக்குன்னா ஓடி வந்து பிடிக்கத் தெரியுது. உனக்குன்னா மட்டும் கை வரலையா? உள்ள ஒருத்தி காத்துக்கிட்டு இருக்காளேன்னு தோணலையா? ஏன்? சொல்லு!” பெட்ரோல் டேங்க்கை ஓங்கி அறைந்தாள். இன்னும் அறைந்தாள்.

விளக்கு அணைந்தது. ஃபோர்க் மெதுவாக எழும்பியது. அதன் பிறகு, யாரோ காலை ஊன்றி இறங்கிக்கொண்ட மாதிரி, வண்டியின் பின்பக்கமும் எழும்பி, அதற்குரிய உயரத்தில் நின்றது.

தங்கையின் கை அந்தரத்திலேயே நின்றுவிட்டது. “இல்ல,” என்றாள். “இல்ல, இருங்க. நான் சும்மா சொன்னேன்.” சீட்டைத் தடவினாள், அமுக்கிப் பார்த்தாள். வண்டி லேசாக, வெறும் வண்டியாகத் துள்ளியது. அவள் சாலையின் இரண்டு பக்கமும் பார்த்தாள். நான் தோளைத் தொட்டேன், தட்டிவிட்டாள்.

தார்ச்சாலை மேல், வண்டி நின்ற இடத்திலிருந்து மேட்டை நோக்கி டயர் தேய்ந்த கறுப்புக் கோடு ஒன்று மெல்லிசாகப் போயிற்று. அவள் அதையே பார்த்துக்கொண்டு நடந்தாள். கோடு ஆரம்பிக்கிற இடத்தில், அவர் பிரேக்கைப் பிடித்த இடத்தில், குந்தி உட்கார்ந்து, உள்ளங்கையை அதன் மேல் வைத்தாள். மேலே திருப்பத்தில் ஒரு லாரி தெரிந்தது. எழுந்து வா என்று நான் கத்திக்கொண்டே ஓடினேன். அவள் எழவில்லை, ஒரு கையைச் சாலையிலிருந்து எடுக்காமல் கோட்டின் மேல் ஏறாதே என்கிற மாதிரி இன்னொரு கையை லாரிக்கு நேராக நீட்டிக் காட்டினாள். லாரி நீளமாகக் கிறீச்சிட்டு அவளுக்குக் கொஞ்சம் முன்னால் வந்து நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டி வாய்க்கு வந்தபடி திட்டினார். அவள் கையை இறக்கவில்லை.