ராகேல் வீட்டுத் தண்ணீர்

"நாளைக்குப் பாத்திரம் பின்வரிசையில இருந்து தொடங்கட்டும்."

ஜெயபாய் கேட்டே விட்டாள். வேறு எதை வேண்டுமானாலும் பேசு, இதைப் பற்றி மட்டும் சபையில் வாய் திறக்காதே என்று அப்பா சத்தியதாஸ் அன்று காலையில்தான் சொல்லியிருந்தார். போன மாதமும் சொல்லியிருந்தார். அவள் பி.ஏ. தேறி, அந்தக் குடும்பத்தில் கல்லூரிப் படி மிதித்த முதல் ஆளாக வீட்டுக்கு வந்த அன்று, மாலை போட்ட கையோடு சொன்ன புத்திமதியும் இதுதான்.

கரமனை ஆற்றுக்குத் தெற்கே, மேட்டின் மேல் இருந்தது அந்தச் சின்ன சபை. மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. அதற்கு முந்தின சனிக்கிழமை மூன்று மணிக்கு ஆயத்தக் கூட்டம். மனத்தாங்கல் உள்ளவர்கள் அன்றே பேசித் தீர்த்துக்கொண்டால்தான் மறுநாள் அப்பத்தையும் திராட்சரசத்தையும் தொடலாம் என்பது வழக்கம். நடப்பது என்னவென்றால், யாரோடு சண்டையே இல்லையோ அவர்களிடம் போய், "ஏதாவது மனஸ்தாபம் உண்டுமானா பொறுத்துக்கணும்" என்று கைகூப்பிவிட்டு எல்லோரும் வீட்டுக்குக் காப்பி குடிக்கப் போய்விடுவார்கள்.

ரசம் ஒரே பாத்திரத்தில்தான் வரும். முன்வரிசைகளில் கருப்பட்டி வியாபாரிகள், கொப்பரை வியாபாரிகள், வாத்தியார்மார். அவர்கள் குடித்துக் கைமாற்றிக் கைமாற்றி, கடைசியில் வாசலோரம் உட்கார்ந்திருக்கும் ஆறு புலையர் குடும்பங்களுக்குப் பாத்திரம் போகும். அப்படித்தான் போக வேண்டும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் அவர்கள் வாய் வைத்த பிறகு அது வேறு யார் வாய்க்கும் போனதில்லை. நேரே கழுவப் போகும்.

"உக்காரு ஜெயபாயே" என்றார் போதகர். எழுபதைத் தொட்டவர், சண்டைக்கு ஆகாதவர்.

"பதில் சொன்னா உக்காருதேன் ஐயரே. மகாராஜா எல்லாச் சாதிக்கும் கோயிலையே திறந்துவிட்டு எட்டு மாசம் ஆச்சு. கிழக்கேகோட்டையில எல்லாரும் உள்ளே போறாவ. நம்ம பாத்திரத்துக்கு மட்டும் இன்னும் வழி திறக்கல்லியா?"

சத்தியதாஸ் குடைக் கைப்பிடியை உற்றுப் பார்த்தபடி இருந்தார். ஆரியசாலைக் கடைத்தெருவில் அவருக்குக் கருப்பட்டி மண்டி. அக்கிரகாரத்துச் சமையல்காரர் வந்தால், தீட்டு என்று காசைக் கையில் தராமல் பலகையில் எறிவார். அதைச் சின்ன வயதிலிருந்து பார்த்துப் பார்த்துப் பல்லைக் கடித்தவள் ஜெயபாய்.

அம்மையின் தம்பி ராஜமணி முன்வரிசையிலிருந்து திரும்பினார். சிரித்துக்கொண்டேதான் திரும்பினார்.

"மருமகளே, படிப்பு கொள்ளாம், நல்லதுதான். மாமன் ஒண்ணு கேக்கட்டா? அந்த வாசலோரத்து ராகேலுக்க வீட்டில நீ என்னைக்காவது ஒரு வாய் வெள்ளம் குடிச்சிருக்கியா?"

ஜெயபாய் கையிலிருந்த பாட்டுப் புத்தகத்தை மூடினாள்.

"கர்த்தருக்க வீடாக்கும். பொய் சொல்லப்பிடாது, கேட்டியா."

"குடிப்பேன்."

"எப்போ? எம்.ஏ. தேறின பொறவா?"

பெண்கள் பக்கத்தில்கூட முந்தானைக்குள் சிரிப்புக் கேட்டது. போதகர் கையை உயர்த்தினார். "பிள்ளை கேட்டதிலே தப்பில்லை. ஆனா நான் தொடங்குமிடத்தை மாத்தினா நாளைக்குப் பாதிப்பேர் எழுந்து போவாவ. ஜெயபாயே, நீ பின்னாலே போய் இரு. ராகேலுக்குப் பிறகு நீ குடி. உன்னைப் பாத்து நாலு பேர் வரட்டும். பிறகு நான் மாத்துதேன்."

"இருக்கேன்" என்று சொல்லிவிட்டு இறங்கி நடந்தாள்.

வீட்டுக்குப் போகவில்லை. கர்க்கடக மாதத்து மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. குளத்துக் கரை வழியாகச் சேலை நனைய நனைய, ராகேல் வீட்டுக்கே போனாள். மாமாவின் சிரிப்பு காதில் அறைந்துகொண்டிருந்தது. குடித்ததில்லை, சரி. அருவருத்தா குடிக்கவில்லை? சந்தர்ப்பம் வரவில்லை, அவ்வளவுதான். இதோ இப்போதே குடித்துவிட்டுப் போய் முகத்தில் அடித்தாற்போல் சொல்கிறேன்.

ராகேல் நடவு முடித்து வந்து, ஓலைச் சாய்ப்பின் கீழ் கால் சேறு கழுவிக்கொண்டிருந்தாள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். உடம்பில் எலும்பும் நரம்பும்தான் மிச்சம்.

"ராகேல், குடிக்க வெள்ளம் தா."

அம்மை வயதுக்காரியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. ராகேல் ஒரு நிமிஷம் ஏறிட்டுப் பார்த்தாள். உள்ளே போய், ஒரு மண்கோப்பையைக் கழுவி, குடத்திலிருந்து சாய்த்துக் கொண்டுவந்து நீட்டினாள்.

தெளிந்த தண்ணீர். சீரகம் போட்டுக் காய்ச்சி ஆறியது. தன் வீட்டுத் தண்ணீருக்கு உள்ள அதே புகைமணம். ஜெயபாய் ஒரு மடக்கு வாயில் ஊற்றினாள்.

இறங்கவில்லை.

தண்ணீர் வாய்க்குள் நின்றது. தொண்டை ஒட்டிக்கொண்டது. இது என்ன கூத்து, விழுங்கு என்று தனக்குத்தானே உத்தரவு போட்டாள். வயிறு மேலே எழும்பி வந்தது. கண்ணில் நீர் முட்டியது. யார் சொல்லிக் கொடுத்தார்கள் இந்தத் தொண்டைக்கு? பள்ளிக்கூடத்தில் சமத்துவம் என்று கரும்பலகையில் எழுதுகிறவளின் தொண்டைதானே? சாய்ப்பின் ஓரமாகக் குனிந்து மழையில் துப்பிவிட்டாள். நிமிர்ந்து ராகேலின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ராகேல் கோபப்படவும் இல்லை, சமாதானம் சொல்லவும் இல்லை. கோப்பையை வாங்கிக் கவிழ்த்தாள்.

"உங்களுக்க அம்மையும் இப்படித்தான்."

"எந்த அம்மை?"

"தாசம்மாள் அம்மைதான். வேறெ எத்தனை அம்மை உண்டு டீச்சரம்மைக்கு?"

அம்மை புதன்கிழமையும் சனிக்கிழமையும் மத்தியானம் வருகிறாளாம். போன வருஷம் சபையில் அறுப்பின் பண்டிகை முடிந்த வாரம் தொடங்கியது. முதல் நாள் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனாளாம். பிறகு ஒரு நாள் உதட்டை நனைத்தாள். பிறகு குடித்தாள். குடித்து, அந்தக் கொல்லாமரம் வரைக்கும் போய் எல்லாவற்றையும் கக்கினாள்.

"எனக்குக் கோவம் வந்துது. எனக்க வீட்டு வெள்ளம் என்ன கஷாயமா? இனி வராதீன்னு ரெண்டு தடவை ஏசி விட்டேன். அடுத்த புதனாழ்ச்சை வந்து நிக்காவ. 'ஏசு ராகேல், ஏசினது நியாயம்தான், ஆனா கோப்பையைத் தா'ன்னாவ. என்னத்தைச் செய்ய?"

"இப்போ?"

"இப்போ கஞ்சி குடிப்பாவ. உப்புக் காணாதுன்னு குறையும் சொல்லுவாவ." முதல்முறையாக ராகேல் சிரித்தாள். "ஏழு மாசம் ஆச்சு, வயித்தில தங்க."

திரும்பி வரும்போது மழை பலத்துவிட்டது. ஜெயபாய்க்கு நனைவது தெரியவில்லை. புதனும் சனியும் அம்மை எங்கே போகிறாள் என்று ஒரு நாளாவது கேட்டிருக்கிறாளா? வருஷத்துக்கு ஒரு கெட்ட பழக்கத்தை விடுவது என்று அம்மைக்கு ஒரு கணக்கு உண்டு. பிறந்தநாளில் விடலாம் என்றால் பிறந்த தேதி அவளுக்குத் தெரியாது. அதனால் அறுப்பின் பண்டிகைக்குச் சபையில் சேனைக்கிழங்கும் வாழைக்குலையும் கொண்டு வைக்கும்போது அந்தப் பழக்கத்தையும் சேர்த்து வைத்துவிட்டு வருவாள். ஒரு வருஷம் பொடி போடுவதை விட்டாள். ஒரு வருஷம், அடுத்தவர் பேசி முடிக்குமுன் குறுக்கே விழுவதை விட்டாள். அப்பா அதற்கு "வருஷப் பைத்தியம்" என்று பேர் வைத்திருந்தார். மகளும் சேர்ந்து சிரித்தவள்தான். இந்த வருஷம் எதை விட்டாய் என்று கேட்டபோது, "முடிஞ்சா சொல்லுதேன்" என்று அம்மை சொன்னதை அவள் அதற்கு மேல் கிளறவில்லை.

அடுக்களையில் தாசம்மாள் நெத்திலி கிள்ளிக்கொண்டிருந்தாள். ஐம்பத்தொன்பது வயது. முழங்கால் வலிக்குத் தைலம் தேய்த்த மணம். சபையில் நடந்தது முழுவதும் ராஜமணி மூலம் வந்து சேர்ந்திருக்கும்.

"ராகேலுக்க வீட்டுக்குப் போனேன் அம்மை."

கிள்ளுகிற கை நின்றது. "குடிச்சியா?"

"துப்பிட்டேன்."

"முதல் நாளிலே வாய் வரைக்கும் போச்சா? எனக்கு அதுவும் முடியல்ல." அம்மை அதைப் பாராட்டாகவே சொன்னாள். மீனைக் கிள்ளத் தொடங்கினாள்.

"என்னத்துக்கு அம்மை இதைத் தொடங்கின? யாரு கேட்டா?"

"யாரும் கேக்கல்ல. என்னத்தை விடலாம்னு யோசிச்சு இருந்தேன். எளுப்பமுள்ளது, லேசா விடக்கூடியது எல்லாம் தீந்து போச்சு மக்களே. இதுதான் மிச்சம் கிடந்துது. எனக்க அம்மை ராகேலுக்க ஆளுகளுக்குச் சிரட்டையில ஊத்திக் குடுப்பா, தள்ளி நின்னு. நானும் அப்படித்தான் ஊத்தினேன், முப்பது வருஷம். கை படிச்சதைக் கை மறந்துடுச்சு. வயிறு மறக்கமாட்டேன்னுது."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்லா?"

"என்னத்தைச் சொல்ல? வாந்தி எடுத்தேன்னா?"

ஜெயபாய் அம்மையையே பார்த்துக்கொண்டு நின்றாள். கையெழுத்துப் போடப் பழகியதே நாற்பதாவது வயதில். இந்த முழங்காலை இழுத்துக்கொண்டு குளத்துக்கரை வழுக்கலில் வாரம் இரண்டு தடவை; கக்கிய மரத்தடியிலிருந்து வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் அதே கோப்பைக்கு. ஒரு கூட்டத்திலும் பேசாமல், ஒருவரிடமும் சொல்லாமல், தன் வயிற்றோடு தானே ஏழு மாதம் வழக்காடி ஜெயித்த இந்த மனுஷியையா இத்தனை நாள், உலகம் தெரியாத அம்மை என்று நினைத்திருந்தாள்? அம்மையின் காலில் ஒட்டியிருந்த மீன் செதிலைக்கூடப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தாள். மலையடிவாரத்தில் நின்று அண்ணாந்து பார்க்கும்போது கழுத்து வலிக்குமே, அப்படி இருந்தது.

"நாளைக்கு நீயும் பின்னாலே வந்து இரேன் அம்மை."

தாசம்மாள் கிள்ளிய மீனைத் தண்ணீரில் அலசினாள்.

"அவளுக்க வீட்டிலே அவளும் நானும்தான். சபையிலே நூறு கண்ணு. அது இன்னும் எனக்கு வசப்படல்ல. அடுத்த வருஷத்துக்கு வச்சிருக்கேன்."

அறுபதாவது வயதுக்கான பாடத்தை எடுத்து வைத்துவிட்டாள் அம்மை! பட்டமளிப்பு அங்கியைக் கழற்றிய அன்றே தன் படிப்பு முடிந்தது என்று இருந்தவள் ஜெயபாய். எல்லோரையும் திருத்தப் புறப்பட்டாளே, தன் தொண்டையை ஒரு நாளாவது சோதித்தாளா?

ஞாயிறு காலை சத்தியதாஸ் அங்கவஸ்திரத்தை மடித்துத் தோளில் போட்டபடி வாசலை மறித்து நின்றார்.

"ரெண்டு பேரும் வீட்டிலே இரிங்க. சுகமில்லேன்னு போதகர் ஐயருக்கு ஆள் அனுப்பியாச்சு."

"எனக்கு நல்ல சுகம்தான் அப்பா."

"நீ அங்கே போய் இருந்தா ஆரியசாலையில நான் மொகத்தை எங்கே கொண்டு வைக்க? ஒரு நாளைக்கு வாய்ச்சவடால் விட்டாச்சு. போதும். குடிக்க முடியாம எல்லாருக்கும் முன்னால துப்பினா? ராஜமணி அதுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்கான்."

"துப்பினாலும் துப்புவேன். அதையும் எல்லாரும் பாக்கட்டும். பொறவு புதனாழ்ச்சை போவேன். சனியாழ்ச்சை போவேன். அடுத்த மாசமும் பின்னாலேதான் இருப்பேன்."

"எத்தனை மாசம்?"

"இறங்குகது வரைக்கும்."

சத்தியதாஸ் மனைவியைப் பார்த்தார். மகளைத் தடுக்க ஒரு வார்த்தை அவள் சொல்வாள் என்று காத்திருந்தார். தாசம்மாள் மகளின் முந்தானை மடிப்பைச் சரிசெய்தாள். "மூக்கைப் பிடிக்காதே. பிடிச்சா ஓக்காளம் கூடும்" என்றாள்.

"என்னடி சொல்லுதா இவ?" என்று மகளிடம் கேட்டார் சத்தியதாஸ்.

அவருக்கு விளக்கிச் சொல்ல அம்மை இருந்தாள். ஜெயபாய் அவரைச் சுற்றிக்கொண்டு வெளியே இறங்கினாள். முதல் மணி அடிக்க இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. சபைக்குப் போகும் மேட்டு வழியை விட்டு, ராகேல் வீட்டுக்குப் போகும் குளத்துக்கரையில் நடந்தாள்.