எவாரிஸ்தோவின் நெருப்பு

எவாரிஸ்தோ நெருப்பு மூட்டிவிட்டால் அவன் மனைவிகூட அந்தப் பக்கம் மூச்சு விட மாட்டாள். இறைச்சி சுடுகிறவனின் கங்குகளை இன்னொருவன் தொடக் கூடாது என்பது எங்கள் ஆற்றின் இரண்டு கரைக்கும் பொதுவான வழக்கம். ஒரு ஞாயிறு மதியம் ஒருவர் தொட்டார். என் முன்பற்கள் உருகுவே ஆற்றோடு போயின.

இந்தக் கரையில் நாங்கள், பாசோ ரோக்கே ஊர்க்காரர்கள். நான் கத்தி பிடித்து ஓய்வு பெற்ற மாட்டிறைச்சி ஆலை மூடிக் கிடந்தது. எதிர்க்கரையில் வில்லா எமா. அவர்களுடைய தோல் ஆலையும் மூடிக் கிடந்தது. இரண்டையும் சேர்த்துச் சந்தை, நடைபாதை, படகுத்துறை என்று மாற்றுவதாகத் திட்டம். அன்றைக்கே இரு மேயர்களும் கையெழுத்துப் போட வேண்டும். இல்லையென்றால் மறுநாள் காலை எங்கள் ஆலையை இடிக்க ஆள் வரும். அதன் பழைய சாப்பாட்டுக் கூடத்தில் குடியிருந்து, அங்கேயே சமைத்து விற்ற டெல்மிராவுக்கு வேறு கூரை கிடையாது. ஆலை ஓடிய காலத்தில் அரை மாட்டைத் தோளில் போட்டுக்கொண்டு பாட்டுப் பாடியபடி நடந்தவள் அவள்.

கையெழுத்துக்கான விருந்து ஆலையின் வெட்டுக்கூடத்திலேயே நடந்தது. மேலே இரும்புத் தண்டவாளத்தில் பழைய கொக்கிகள் அப்படியே தொங்கின. இனி எல்லாமே பொது என்று ஆளாளுக்குப் பேசினார்கள். எதிர்க்கரை மேயர் பௌஸ்தினோ அதை நம்பிவிட்டார். ஒயின் வேறு உள்ளே போயிருந்தது. எழுந்துபோய் எவாரிஸ்தோவின் கரண்டியை எடுத்து, கங்குகளை விலா எலும்புக்கு அடியில் பாசமாகத் தள்ளினார்.



“என்னங்க ஐயா, வேகலையா உங்களுக்கு?” என்றான் எவாரிஸ்தோ.

“இனிமே எல்லாம் பொதுதானேப்பா. ஒரு கை குடுக்கலாம்னு...”

“பொதுவா? அப்ப இதையும் பொதுவா வச்சுக்குங்க.”

கொழுப்பு சொட்டச் சொட்ட முழு விலாவையும் தூக்கி அவர் முகத்தில் அறைந்தான். மூக்கு உடைந்த சத்தம் எல்லை தாண்டி அர்ஜென்டினாவரை கேட்டிருக்கும்.

பிறகு நடந்ததை நான் குறைத்துத்தான் சொல்கிறேன். எதிர்க்கரைத் தோல்காரர்கள் பெஞ்சுகளைப் பிய்த்தார்கள். விலக்கிவிடப் போன எங்கள் மேயர் ஒலெகாரியோ ஜன்னல் வழியாக வெளியே போய், வாசல் வழியாக வந்து, மறுபடியும் ஜன்னல் வழியாகவே போனார். ஒருவன் தலையில் உடைந்த அக்கார்டியன், உடைந்த பிறகும் ஒரு வால்ட்ஸ் நடன மெட்டை வாசித்து முடித்தது. எங்கள் ஆள் ஒருவன் கடித்துத் துப்பிய தோல்காரனின் காதை நாய் மோந்து பார்த்துவிட்டு நகர்ந்தது. ஆலைத் தோல்போல அவ்வளவு பதப்பட்ட காது. “குடல் உருவி” என்று என்னைத் திட்டியவனுக்கு நான் பதில் யோசிப்பதற்குள் அவன் கைமுட்டி என் வாய்க்குள் இருந்தது. தரைக் கால்வாயில் ரத்தம் ஆற்றுக்கு ஓடியது. ஆலை திறந்துவிட்டதென்று நினைத்து மீன்கள் கூட்டமாக வந்தன.

டெல்மிரா ஒருமுறை கெஞ்சினாள். இரண்டு முறை கெஞ்சினாள். யாரோ ஒருவன் அவளுடைய பெரிய பானையை உதைத்து உடைத்தான்.

அவள் கையை மடக்கினாள். எதிரே வந்தவர்களைத் தாடையில் அடித்துக்கொண்டே போனாள். பௌஸ்தினோவை இடுப்பு வாரைப் பிடித்துத் தூக்கி ஒரு கொக்கியில் மாட்டினாள். ஒலெகாரியோவை அடுத்த கொக்கியில் மாட்டினாள். தண்டவாளத்தில் ஒரு தள்ளு தள்ளினாள். இரண்டு மேயர்களும் நெற்றியோடு நெற்றி மோதித் திரும்பினார்கள்.

“கையெழுத்துப் போடுறீங்களா, இல்ல இப்படியே தள்ளிட்டுப் போய்க் குளிர் அறையில பூட்டட்டுமா?”

“பேனா கீழ விழுந்துடுச்சும்மா,” என்று முனகினார் பௌஸ்தினோ.

“மூக்குல ஊத்துதே, அதைத் தொட்டுப் போடு ராசா.”

போட்டார்கள். இறக்கிவிடுவதற்கு முன் எவாரிஸ்தோ, வீங்கிய வாயால், ஒப்பந்தத்தில் ஒன்றைச் சேர்க்கச் சொன்னான்.

“ரெண்டு அடுப்பு. நடுவுல சுவர்.”

அன்று இரண்டு கரையும் சண்டையில்லாமல் ஒப்புக்கொண்டது அது ஒன்றைத்தான்.

சுவர் இப்போதும் டெல்மிராவின் கூடத்துக்கு வெளியே நிற்கிறது. அதற்கு மேலே இரு பக்கத்தாரும் வீசும் எலும்புகள் பறக்கின்றன. பௌஸ்தினோ ஞாயிறு தவறாமல் படகில் வருகிறார். கோணல் மூக்கோடு எவாரிஸ்தோவின் அடுப்புக்குத் தள்ளியே நிற்கிறார், இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு.