பதினோராவது ட்யூப்

என் நாத்தனாருக்கு ஆஸ்பத்திரி ரிப்போர்ட் படிப்பதென்றால் கொள்ளை ஆசை. பள்ளிக்கூடத்தில் கிளார்க். இரண்டு வரி புரிந்துவிட்டால் மிச்சத்தை அவளே இட்டுக்கட்டிக்கொள்வாள். அன்றைக்கு எங்கள் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, என் மகளுடைய பதினோராவது ஆபரேஷன் ரிப்போர்ட்டை எழுத்துக் கூட்டாத குறையாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

என் மகளுக்கு எட்டு வயது. குரல்வளையில் மரு வளரும் வியாதி. வெட்டி எடுத்தால் நாலைந்து மாதத்தில் மறுபடி முளைக்கும், மூச்சு விசிலடிக்கும், மறுபடி தூக்கிக்கொண்டு ஓடுவோம். குரல் வெறும் காற்றாகத்தான் வரும். அந்தக் காற்றை வைத்துக்கொண்டே நாள் முழுக்கத் தொணதொணப்பதால் வீட்டில் அவள் பேர் வாயாடி.

"ஒவ்வொரு தடவையும் மருவுல இருக்கற வைரஸை ஆராய்ச்சி பண்றாங்கல்ல அண்ணி, பத்து தடவையும் ஒரே மாதிரிதான் இருந்துச்சாம்," என்றாள் நாத்தனார். "இந்தத் தடவை வேற. புதுசா தொத்தியிருக்கலாம்னு போட்டிருக்கு."

என் புருஷன் தட்டிலிருந்து தலையைத் தூக்கினார். "புதுசா எங்கேர்ந்து வரும்?" கேள்வி தங்கைக்கு, பார்வை என் மேல்.

"அது எந்த வழியா பரவுற வைரஸ்னு நான் வேற வாயால சொல்லணுமா?" என்றாள் அவள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. படுக்கையில் தொற்றுகிற வைரஸ், நான் எவனிடமோ வாங்கி வந்து பிள்ளைக்கு ஒட்டிவிட்டேன் என்கிறாள். நான் மாலை ஷிப்ட் போவது இரண்டு வருஷமாக அவர்கள் கண்ணை உறுத்திக்கொண்டிருந்தது. இப்போது கையில் ஒரு காகிதம் கிடைத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வாயாடியை நாத்தனார் வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவதென்றும், இனி அவள் அங்கேயே வளர்வாள் என்றும் அண்ணனும் தங்கையும் பேசி முடித்தார்கள். பெற்றவளை ஒரு பேச்சுக்குக்கூடக் கேட்கவில்லை.

மறுநாள் காலை ரிப்போர்ட்டோடு ஆஸ்பத்திரிப் பரிசோதனைக்கூடத்துக்குப் போனேன். அங்கே வைரஸைப் பிரித்துப் படிக்கிற பெண் பொறுமையாகத்தான் சொன்னாள்.

"இது ஹெச்.பி.வி.ன்னு ஒரு வைரஸும்மா. ஒரே வகையிலயே மரபணுவுல ஒண்ணு ரெண்டு எழுத்து வித்தியாசத்தோட பல உருவம் உண்டு. ஒரு குழந்தைக்கு எது இருக்கோ, பெரும்பாலும் அதேதான் திரும்பத் திரும்ப முளைக்கும். உங்க பொண்ணுக்கு மாறியிருக்கவும் டாக்டரே அசந்துட்டார். கருத்தரங்குல பேசப்போறார்."

"நல்லாப் பேசட்டும். அந்த மருவைப் போட்டு அனுப்பின ட்யூப் எந்தத் தேதி மேடம்?"

தேதியைச் சொன்னதும் எனக்கு உறைத்தது. அன்றையப் பட்டியலில் முதல் ஆபரேஷன் என் மகளுக்குத்தான். வெறும் வயிறாக இருக்க வேண்டிய பிள்ளைக்கு, அழுகிறாளே என்று அவள் அப்பா பிஸ்கட் வாங்கிக் கொடுத்துவிட்டார். மயக்க டாக்டர் தாம்தூம் என்று குதித்து, அடுத்ததாக இருந்த ஒரு பையனை முதலில் உள்ளே அனுப்பி, எங்களை மத்தியானத்துக்குத் தள்ளினார். அந்தப் பையனுக்கும் இதே மருதான்.

"ட்யூப்ல பேரை எப்ப ஒட்டுவாங்க?"

"காலையிலயே. பட்டியலைப் பார்த்து ஒட்டி வரிசையா அடுக்கிடுவாங்க. நேரம் மிச்சம்."

நான் மருந்துக் கம்பெனியில் லேபிள் பிரிவில் பதினாலு வருஷமாகக் குப்பை கொட்டுகிறேன். சரக்கு கைக்கு வருமுன் லேபிளை ஒட்டியவளைப் பிரிவை விட்டே துரத்தியிருக்கிறேன்.

"அன்னிக்கு வரிசை மாறி, எங்களுக்கு அடுத்து இருந்த பையன் முதல்ல போனான் மேடம். என் பொண்ணு பேர் போட்ட ட்யூப்ல இருக்கறது அந்தப் பையனோட மரு. லேபிள் ஒட்டுறவ சொல்றேன், நம்புங்க."

கருத்தரங்கில் பேசப்போகிற டாக்டர் அறைக்குள் நுழைந்தவர், கடைசி வரியைக் கேட்டுவிட்டார். "லேபிள் ஒட்டுறவங்க வந்து எங்களுக்குப் பாடம் எடுக்கணுமா?"

"ஒட்டத் தெரியாதவங்களுக்கு எடுத்துத்தான் ஆகணும்," என்றேன். "அந்தப் பையனோட ட்யூப்பைப் பாருங்க. இல்லேன்னா அவங்க வீட்டுக்கே போய் நான் சொல்லிக்கிறேன்."

பையனுக்கு அது முதல் ஆபரேஷன். ஒப்பிட்டுப் பார்க்கப் பழையது ஒன்றும் இல்லாததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பரிசோதனைக்கூடப் பெண், டாக்டரின் முகத்தைப் பார்க்காமல், கம்ப்யூட்டரில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். பையன் பேரில் இருந்ததும் என் மகளுடைய பழைய பத்தும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தன. டாக்டர் மன்னிப்புக் கேட்கவில்லை. திருத்திக் கொடுக்கச் சொல்லிவிட்டு வெளியே போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலை நாத்தனார் காலிப் பையோடு வந்தாள். புது ரிப்போர்ட்டை அவள் முன்னால் போட்டேன்.

"பதினொண்ணும் ஒண்ணுதான். புதுசா எதுவும் தொத்தல. உங்க அண்ணன் கொடுத்த பிஸ்கட்டால வந்த குழப்பம்."

அவள் விடுகிற ஆளா. கடைசிப் பத்தி வரை படித்தாள். "பிரசவத்தப்பவே தாய்கிட்டேர்ந்து வந்திருக்கலாம்னு போட்டிருக்கே. அப்ப நான் சொன்னதுல என்ன தப்பு?"

"என்கிட்டேர்ந்துதான் வந்திருக்கும். எனக்கு எங்கேர்ந்து வந்துச்சு?" என்றேன். "என் வாழ்க்கையில ஒரே ஒரு ஆம்பளைதான். இதோ உக்காந்திருக்கார், கேளு. எந்த வழியா பரவுற வைரஸ்னு உனக்குத்தான் நல்லாத் தெரியுமே."

என் புருஷன் ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தார், திருப்பி வைத்தார், செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். நாத்தனார் பையைச் சுருட்டிக்கொண்டு பின்னாலேயே போனாள். எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. இன்னும் நாலு கேட்டிருக்கலாம் என்றுகூடத் தோன்றியது.

கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினேன். வாயாடி அறை வாசலில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. கிட்டே போய்க் குனிந்தேன்.

"அம்மா, எனக்கு இது உன்கிட்டேர்ந்தா வந்துச்சு?"

இவளிடம் மட்டும் நான் பொய் சொன்னதில்லை.

"ஆமாடா," என்றேன்.

அவள் என் கழுத்தில் கை வைத்து, தடவிப் பார்த்தாள்.

"உனக்கு ஏன் ஒண்ணும் ஆகல?"