பதினோரு குண்டு வாங்கிய பூமிநாதன்

பூமிநாதன் நல்லவன்தான். ஆனால் அந்தப் பதினோரு குண்டுக் கதையை மட்டும் அவனை ஆரம்பிக்க விடக்கூடாது. ஆரம்பித்தால் டீ ஆறிப்போகும், பஸ் போய்விடும். 2003-ல், ராமநாதபுரத்தில் பாக்கர் வைத்திருந்த பிரவுசிங் சென்டரின் பின்னறையில், வாழ்க்கையில் முதன்முதலாக மவுஸைத் தொட்ட அன்றைக்கே பதினோரு குண்டு வாங்கியும் விழாமல் நின்றானாம்.

விளையாட்டின் பெயர் 'ஸ்டீல் ஹார்பர்'. ஆளுக்கொரு கம்ப்யூட்டர், திரையில் ஆளுக்கொரு துப்பாக்கி. இரண்டு கட்சியாகப் பிரிந்து ஒரு துறைமுகத்துக்காக அடித்துக்கொள்ள வேண்டும். நாலு குண்டு பட்டால் எப்பேர்ப்பட்டவனும் சாய்ந்துவிடுவான். இவன் மட்டும் சாயவில்லை. "ஒடம்ப லேசா வளைச்சுக் குடுக்கணும்ணே, குண்டு ஒரசிக்கிட்டுப் போயிரும்" என்று டீக்கடையில் நின்றபடி தோளை வளைத்துக் காட்டுவான்.

கேட்கச் சிரிப்பாக இருந்தாலும் அந்தப் பதினோரு குண்டுதான் அவனை ஆளாக்கியது. அதற்கு முன் அவன் நயினார்கோவில் பக்கத்தில் மிளகாய்க் கொல்லைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த, பிளஸ் டூவில் கோட்டைவிட்ட பையன். நாலு பேர் நிற்கும் இடத்தில் வாய் திறக்க மாட்டான். அன்றைக்கு அந்த அறையே அவனுக்குக் கைதட்டியது. பாக்கர், மஹ்மூது, மதார், வேல்சாமி என்று நாலு சிநேகிதர்கள் ஒரே நாளில் கிடைத்தார்கள். விளையாட வந்தவன் கம்ப்யூட்டரைப் பிரித்துப் பூட்டக் கற்றுக்கொண்டான். இன்றைக்கு அவனுக்குச் சோறு போடுவது அந்த வேலைதான்.

ஆறு வருடத்தில் கூட்டம் கலைந்தது. மஹ்மூது துபாய்க்கும் மதார் சென்னைக்கும் போனார்கள். வேல்சாமிக்குப் போலீஸ் வேலை கிடைத்தது. பாக்கரும் சவுதியில் தம்மாமுக்குப் போய்விட, கடையை அவர் மனைவி உம்மு ஹபீபா நடத்தினாள். ஹார்பரைத் தயாரித்த கம்பெனியே அதைக் கைகழுவிவிட்டது. பின்னறையில் ஆறு கம்ப்யூட்டர்களும் உறை போட்டுக் கிடந்தன.

"தம்பி, பெருநாளுக்குள்ள ஆளு வரலைன்னா அந்த ரூமக் காலி பண்ணிட்டு ஜெராக்ஸ் மெஷின் போடப்போறேன். கோவிச்சுக்கிறாதீக" என்றாள் உம்மு ஹபீபா.

பூமிநாதனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அக்கா, ஒரு மாசம் பொறுங்க. புது ஆளு சேத்துக் காட்டுறேன்."

சொன்னபடி இறங்கினான். ஆறு கம்ப்யூட்டரையும் தூசி தட்டி, பழைய ஹார்பரைப் புதிய விண்டோஸில் ஓடும்படி ஒட்டுப்போட்டு எடுத்தான். எந்தப் பொத்தானுக்கு என்ன வேலை என்று தமிழில் எழுதி ஒவ்வொரு திரைக்குப் பக்கத்திலும் ஒட்டினான். வாசலில் போர்டும் வைத்தான்.

ஆட்கள் வந்தார்கள். மாடியில் டேலி கணக்கு வகுப்புக்கு வரும் உத்தரகோசமங்கைப் பெண் செவ்வந்தி, தன் வகுப்புத் தோழிகள் இரண்டு பேரோடு வந்தாள். மதிய டிரிப்புக்கு முன்னால் பொழுது போகாத மினி பஸ் கண்டக்டர் பால்சாமி வந்தான். வந்தவர்களை எதிர்க்கட்சியில் உட்கார வைத்து, பூமிநாதன் முறையாக விளையாடினான். முறையாக என்றால், தலை தெரிந்தால் சுட்டான். மூன்று நிமிடத்தில் செவ்வந்தி ஒன்பது தடவை செத்தாள். பால்சாமி எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரிவதற்குள்ளேயே பதினாலு தடவை.

"மொதல்ல அப்படித்தான் இருக்கும். ஆனா நான் மொத நாளே பதினோரு குண்டு வாங்கி நின்னேன்" என்று ஆறுதல் சொன்னான். ஆறுதலா அது!

"எங்களுக்கு அந்தத் தெறமை இல்லண்ணே. டிரிப்புக்கு நேரமாச்சு" என்று பால்சாமி எழுந்தான். செவ்வந்தி இரண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தாள். மூன்றாம் நாள், "சாகுறதுக்குன்னு தெனமும் நேரம் ஒதுக்க முடியலண்ணே" என்று சொல்லிவிட்டுத் தோழிகளோடு மாடி ஏறிவிட்டாள். அதன் பிறகு யாரும் வரவில்லை. இந்தக் காலத்து ஆட்களுக்குப் பொறுமையே கிடையாது என்று பூமிநாதன் ஊரெல்லாம் புலம்பினான். தன் துப்பாக்கியைப் பற்றி மட்டும் அவனுக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை.

பெருநாளுக்கு நாலு நாள் இருக்கும்போது, தோற்றதை ஒப்புக்கொண்டு கம்ப்யூட்டர்களைக் கழற்ற வந்தான். எல்லா ஆட்டத்தையும் நடத்திவந்த பழைய சர்வரை அழிப்பதற்கு முன், நினைவுக்கு வைத்துக்கொள்ளலாமே என்று அதிலிருந்த கோப்புகளைத் திறந்து பார்த்தான். பாக்கர் ஒழுங்கான மனிதர். வாராவாரம் விளையாட்டின் அமைப்புகளைத் தேதி போட்டுச் சேமித்து வைத்திருந்தார்.

அவன் வந்து சேர்ந்த அன்றைய தேதி போட்ட முதல் கோப்பில் ஐந்து பெயர்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் எதிரே அந்த ஆட்டக்காரரின் உயிர். பாக்கர் நூறு, மஹ்மூது நூறு, மதார் நூறு, வேல்சாமி நூறு. ஐந்தாவதாக, பூமிநாதன் தனக்கு வைத்துக்கொண்ட பெயர்: நயினார். முந்நூறு.

ஒரு குண்டுக்கு இருபத்தைந்து உயிர் போகும். முந்நூறுக்கு எத்தனை குண்டு என்று கணக்குப் போட அவனுக்கு டேலி வகுப்பு தேவைப்படவில்லை.

அடுத்தடுத்த கோப்புகளைத் திறந்தான். இருநூற்று எண்பது, இருநூற்று அறுபது என்று வாராவாரம் இறங்கி, பதினோராம் கோப்பில் நூறுக்கு வந்தது. அந்தத் தேதி அவனுக்கு நினைவிருந்தது. முன்னைவிட அதிகமாகச் சாகிறோமே என்று மவுஸ் மேல் பழி போட்ட வாரம் அது. பாக்கர் ஒரு வார்த்தை பேசாமல் புது மவுஸ் வாங்கி வைத்தார்.

முகமெல்லாம் சூடேறியது. ஆறு வருடமாகத் தோளை வளைத்துக் காட்டியதெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்து மானத்தை வாங்கியது.

"பாத்துட்டீகளா?" உம்மு ஹபீபா கதவருகே நின்றாள். "அப்ப மூணு நாளா நீங்க வாசல்ல நின்னு எட்டிப் பாத்துட்டுப் போனீகளாம். எங்க வீட்டு அவுக வந்து சொன்னாக. 'அந்தப் பய வெக்கப்படுறான், மொத நாளே செத்தான்னா நாளைக்கு வரமாட்டான்'னு. சின்னப் புள்ளைக வெளையாட்டுல ஒப்புக்குச் சப்பாணியாச் சேத்துக்கிறதில்லையா, அந்த மாதிரிதான்."

"மத்தவங்களுக்கும் தெரியுமா அக்கா?"

"தெரியாம? எல்லாரும் சேந்து செஞ்சதுதான."

அதுதான் அவனை உடைத்தது. ஒருத்தன் சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தால் ஒரு வாரம் ஓட்டுகிற பயல்கள் அவர்கள். ஆறு வருடம் இவன் அந்தக் கதையைச் சொல்லச் சொல்ல, முகத்தில் ஒரு சிரிப்புக் காட்டாமல், "ஆமா, நாங்க பாத்தோம்ல" என்று சாட்சி வேறு சொன்னார்கள். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு தம்மாமுக்குப் போன் போட்டான்.

"அண்ணே, அந்தப் பதினோரு குண்டு..."

எதிர்முனையில் பாக்கர் சிரித்தார். "பன்னெண்டாவதும் பட்டிருக்கும்லே. கரண்டு போயிருச்சு, நீ தப்பிச்ச."

"அண்ணே, நீங்க மட்டும் அன்னைக்கு..." என்றவன் அழுதுவிட்டான்.

"ஏலே, அழுகாத. ஐ.எஸ்.டி. காலு, காசு ஓடுது. போயி ஆளச் சேரு."

பூமிநாதன் மாடி ஏறி, டேலி வகுப்பின் வாசலில் நின்றான். "தாயி, மெஷின்ல ஒரு கோளாறு இருந்துச்சு. நீங்க செத்ததெல்லாம் அதனாலதான். சரி பண்ணிட்டேன், ஒரே ஒரு தடவ வந்து பாருங்க." பால்சாமியிடமும் போய் அதே பொய்யைச் சொன்னான். இவ்வளவு சந்தோஷமாக அவன் இதுவரை பொய் சொன்னதில்லை.

மறுநாள் மதியம் எல்லோரும் வந்து உட்கார்ந்தார்கள். புதியவர்கள் நாலு பேருக்கும் முந்நூற்று இருபத்தைந்து உயிர் வைத்திருந்தான். அந்த இருபத்தைந்து அவனே யோசித்துச் சேர்த்தது.

செவ்வந்தி துறைமுகத்துக்குள் நுழைந்தாள். பூமிநாதன் சுட்டான். அவள் விழவில்லை. திரும்பிச் சுட்டுக்கொண்டே வந்தாள். பக்கத்தில் பால்சாமி தன் ஆட்டத்தை விட்டுவிட்டு எண்ண ஆரம்பித்தான். பத்து, பதினொன்று, பன்னிரண்டு. அதற்குள் அவள் சுட்ட நாலாவது குண்டில் பூமிநாதன் சாய்ந்தான்.

"அண்ணே! பன்னெண்டு! நான் நிக்கிறேன்!" அவள் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டாள். அறையே கைதட்டியது.

உம்மு ஹபீபா எட்டிப் பார்த்தாள். ஜெராக்ஸ் மெஷினை முன்னறையிலேயே போட்டுக்கொள்ளலாம் என்று அப்போதே முடிவு செய்துவிட்டாள்.

"நீங்க பதினொண்ணுதான வாங்குனீக?" என்று செவ்வந்தி மூச்சு வாங்கக் கேட்டாள்.

"ஆமா தாயி" என்றான் பூமிநாதன். "நீ என்னைய மிஞ்சிட்ட. நாங்க எல்லாரும் பாத்தோம்ல."