வில்பிரட் அப்பாவாக இன்னும் இருபத்தாறு நிமிடம்

ஓடிக்கொண்டிருந்தேன். கையில் சிவப்பு சூட்கேஸ். பின்னால் பதினேழு பேர்.

எதற்கு ஓடுகிறோம் என்று அவர்களில் யாருக்கும் தெரியாது. அதில் தப்பில்லை. இந்திக் காமெடிப் படத்தில் கடைசி இருபது நிமிடம் எல்லோரும் ஓடியாக வேண்டும். ஆனால் எங்களுக்கு இன்னும் இடைவேளையே வரவில்லை. அதற்கு இருபத்தாறு நிமிடம் பாக்கி இருந்தது.

அதற்குள் இந்த சூட்கேஸ் லட்சியத் துறையின் மூன்றாம் மாடிக்குப் போய்ச் சேர வேண்டும். இல்லாவிட்டால் வில்பிரட் அப்பாவாகிவிடுவான்.

யாருக்கு அப்பா என்று கேட்காதீர்கள். பொது அப்பா. சோபாவில் உட்கார்ந்து, பேப்பரை மடக்கி, "நீயெல்லாம் உருப்படவே மாட்டே" என்கிற அப்பா.

சூட்கேஸில் என்ன இருக்கிறது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். பின்னால் வந்தவர்கள் வைரம் என்று நினைத்தார்கள். இந்த ஊரில் சூட்கேஸ் என்றால் வைரம்தான். அதைத் தூக்கிக்கொண்டு ஒருவன் ஓடினால், பார்த்தவர்கள் செருப்பைச் சரிசெய்துகொண்டு பின்னால் ஓட வேண்டும்.

"ஏல சிவம்! நில்லுலே!"

வில்பிரட். அவனும் ஓடி வந்து என்னை எட்டிப் பிடித்துவிட்டான். அவனுக்குத் தெரியக் கூடாது என்றுதான் தனியாகக் கிளம்பியிருந்தேன்.

"நம்ம எதுக்குலே ஓடுதோம்?"

"சும்மாதான்."

"சும்மா ஓடுததுக்கு எதுக்குலே சூட்கேஸ்?"

"கை சும்மா இருந்துச்சு. அதான்."

அவனுக்கு அது நியாயமாகப் பட்டது. ஆனால் அவனுடைய இடது கிருதா நரைத்திருந்தது. காலையில் பல் தேய்க்கும்போது நரைத்திருக்கவில்லை.

நானும் வில்பிரட்டும் தூத்துக்குடியிலிருந்து ஒரே ரயிலில் மும்பைக்கு வந்தவர்கள். இங்கே வேலையில்லாதவர்கள் மூன்று பேராக இருந்தால்தான் வீடு கொடுப்பார்கள். அதனால் கிரீஷ் சாவந்தைச் சேர்த்துக்கொண்டோம். ஒன்பதாம் மாடி, கடல் தெரிகிற ஃப்ளாட். வாடகையை யார் கட்டுகிறார்கள் என்பது எங்களுக்குத் தெரியாது. எந்தப் படத்திலும் அதைச் சொல்வதில்லை. பால்கனி ஓரம் என் கட்டில். கடல் காற்று நேராக முகத்தில் அடிக்கும். நடுவில் கிரீஷ். பாத்ரூம் கதவோரம் வில்பிரட்.

வருடத்துக்கு ஒருமுறை லட்சியப் படிவம் கொடுக்க வேண்டும். ஏற்றுக்கொண்டால் ஆளை அன்றைக்கே பாட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பனிமலை, பின்னால் ஆடுகிற கூட்டம், மெல்லிய சட்டை. போனவர்கள் திரும்பி வந்ததில்லை. மூன்று முறை நிராகரித்தால் அப்பா.

கிரீஷுக்குப் போன வாரம் மூன்றாவது நிராகரிப்பு வந்தது. மறுநாள் காலையில் எழுந்ததும் நெஞ்சில் கை வைத்தான், அப்பாவாகிவிட்டான். இருபத்தேழு வயது. சந்தோஷமாகத்தான் இருக்கிறான். இருமல்கூட நன்றாக வருகிறது. ஆனால் எங்களோடு சீட்டு ஆட மாட்டேன் என்கிறான். வில்பிரட்டின் மூன்றாவது படிவத்துக்கு இன்று இடைவேளையில் முத்திரை விழும்.

நான் படிவமே வாங்கியதில்லை. எனக்கு அந்த அறை போதும்.

துறையின் வாசலில் காவலர் தடுத்தார். உள்ளே ஓடுவதற்குத் தனிப் படிவம். 'ஓடும் காரணம்' என்ற இடத்தில் 'தெரியாது' என்று எழுதினேன். வில்பிரட்டும் அதையே எழுதினான். பதினேழு பேரும் அதையே எழுதினார்கள். எல்லாம் ஒன்றுபோல இருந்ததால் காவலருக்குத் திருப்தி. பேனாவை மட்டும் ஒவ்வொருவரிடமும் திரும்ப வாங்கிக்கொண்டார்.

பன்னிரண்டு நிமிடம்.

முதல் மாடிக்கு அப்புறம் மூன்றாம் மாடி வந்தது. இரண்டாம் மாடி சாப்பிடப் போயிருந்தது. நடைபாதை நாங்கள் ஓட ஓட நீண்டது. சுவரில் அறிவிப்பு:

'லட்சியம் வெள்ளிக்கிழமைக்குள் நிறைவேறக் கூடியதாக இருக்க வேண்டும். உழைப்பு கூடாது. தவிர்க்க முடியாவிட்டால் உழைப்பை ஒரு பாட்டுக்குள் முடித்துக்கொள்ள வேண்டும்.'

"வில்பிரட், ஒன் படிவத்துல என்னதாம்லே எழுதுன?"

"சொன்னா பலிக்காது."

"துபாயா?"

"சொல்ல மாட்டேம்லே."

"அமெரிக்காவா?"

"ரூம்ல லைட்ட அணைச்சியா?"

நான் திரும்பிப் பார்த்தேன். அவன் மூக்கில் கண்ணாடி வந்திருந்தது.

"ஒன் வயசுல நான் ரெண்டு வேலை பாத்தேன்" என்றான்.

"எனக்கும் ஒனக்கும் ஒரே வயசுலே!"

"எதுத்துப் பேசாத."

நான் வேகத்தைக் கூட்டினேன். நடைபாதையில் சோளப்பொரி வாசனை கிளம்பிவிட்டது. இடைவேளை நெருங்குகிறது என்று அர்த்தம்.

மூன்றாம் மாடி மேஜையில் சுலபா மாத்ரே மேடம் இருந்தார். அதிகாரி. அவர் இந்தியில் பேசினார். கீழே, மேஜை விளிம்பில், வெள்ளை எழுத்தில் தமிழ் ஓடியது. நான் குனிந்து படித்தேன். இந்த ஊரில் ஆறு வருடமாக எனக்கு இப்படித்தான். ஒருவர் முகமும் சரியாகத் தெரியாது. எழுத்தைப் படிக்கவே நேரம் சரியாகிவிடும்.

'வில்பிரட்டின் படிவம் அருமையான படிவம்' என்று ஓடியது. 'மூன்று வருடமும் அருமை. ஏற்கத்தான் ஆசை.'

"அப்ப ஏத்துக்கோங்க மேடம்."

'ஏற்கும் முத்திரை மூன்று வருடமாகக் காணவில்லை. நிராகரிக்கும் முத்திரைதான் இருக்கிறது. அலுவலகம் என்று ஒன்று இருந்தால் எதையாவது குத்தித்தானே ஆக வேண்டும்?'

மேடம் மைப்பெட்டியைத் திறந்தார். நான்கு நிமிடம்.

சூட்கேஸை மேஜைக்கு அடியில் வைத்துவிட்டு நைசாக நழுவுவதுதான் என் திட்டம். ஆனால் பதினேழு பேரும் மேஜையைச் சுற்றி நின்றார்கள். வில்பிரட் என் தோளிலேயே சாய்ந்திருந்தான். அவன் மேல் ஒரு சால்வை வந்திருந்தது. வலது கை மெதுவாக நெஞ்சை நோக்கிப் போனது. அது நெஞ்சைத் தொட்டுவிட்டால் முடிந்தது. கிரீஷுக்கு அப்படித்தான் ஆயிற்று.

சூட்கேஸைத் திறந்தால் அவனுக்கு எல்லாம் தெரிந்துவிடும். ஏற்றுக்கொண்டால் பனிமலைக்கும் போய்விடுவான்.

கை சட்டைப் பொத்தான் வரை வந்துவிட்டது.

திறந்தேன்.

பதினேழு தலைகள் குனிந்தன. வைரம் இல்லை. மரப்பிடி போட்ட ரப்பர் முத்திரை ஒன்று இருந்தது. 'ஏற்கப்பட்டது.'

வில்பிரட் முதல் படிவத்தைக் கொடுத்த அன்று, கூட வந்த நான் இதே மேஜையிலிருந்து எடுத்தது.

"நீயாலே எடுத்த?" என்றான் வில்பிரட்.

"ஆமா."

"எதுக்கு?"

"நீ பாட்டுக்குப் போயிட்டா திரும்பி வர மாட்டியே."

அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "இவ்வளவு பொறுப்பில்லாம..." என்று ஆரம்பித்தான். அப்பாவின் குரல்.

மேடம் முத்திரையைப் பிடுங்கினார். ஊதினார். மையில் ஒற்றினார். டொப்.

சால்வை காணாமல் போயிற்று. கிருதா கறுத்தது.

"...ஒரு பய இருப்பானாலே!" என்று சிரித்துக்கொண்டே முடித்தான் வில்பிரட். என் முதுகில் ஓங்கி ஓர் அடி. நல்ல அடி. அப்பாக்களுக்கு அப்படி அடிக்க வராது.

"கிரீஷ் படிவத்தையும் எடுங்க மேடம்" என்றேன். 'பழைய படிவத்துக்குப் பாட்டு கிடையாது' என்று எழுத்து ஓடியது. டொப். அடுத்த நிமிடம் ஃப்ளாட்டிலிருந்து போன். கண்ணாடியைக் காணோம், ஆனால் பேப்பர் தெளிவாகத் தெரிகிறது, சீட்டுக்கட்டு எங்கே என்றான்.

பதினேழு பேரும் வருத்தப்படவில்லை. நாலு வரிசையாக நின்று இடுப்பில் கை வைத்தார்கள். ஆடத்தான் வந்தார்கள் போலிருக்கிறது. எங்கோ டோலக் கேட்டது. நான் வில்பிரட்டின் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பனிக்காகக் காத்திருந்தேன்.

பனி வரவில்லை. ஒரு நிமிடம் ஆயிற்று. டோலக் நின்றுவிட்டது.

மேடம் படிவத்தைப் பார்த்தார். மேஜை விளிம்பில் எழுத்து ஓடியது: 'இந்த லட்சியத்துக்குப் பாட்டு தேவையில்லை. ஆட்டோ போதும்.'

"வா, வீட்டுக்குப் போவோம்" என்றான் வில்பிரட். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

படிவத்தை என் பக்கம் திருப்பினேன். மூன்று வருடமாக அவன் சொல்ல மறுத்தது, 'லட்சியம்' என்ற கட்டத்துக்குள், அவனுடைய உருண்டை எழுத்தில், மூன்றே சொற்களில் இருந்தது.

'பால்கனி ஓரக் கட்டில்.'