நாற்காலியில் பிள்ளை

இதில் ஒரு வார்த்தை பொய்யென்றாலும், எனக்கு மிச்சமிருக்கிற மூன்று பற்களும் இந்த நிமிடமே கொட்டிப் போகட்டும்.

குழந்தைகள் மருத்துவமனையின் பில் கவுன்டர் முன்னால் தையல்காரியும் அவள் கணவனும் காலையிலிருந்து நின்றிருந்தார்கள். அவனுடைய தொழிற்சாலை கொடுத்த இன்சூரன்ஸ் அட்டை அவன் கையில் வியர்த்துக் கிடந்தது. மகளுக்கு வலிப்பு. வந்தால் எப்படிப் படுக்கவைப்பது, மருந்தை எப்போது கூட்டுவது என்று டாக்டர் பெற்றோரை உட்காரவைத்துச் சொல்லித்தருவார். அதற்குப் பிறகுதான் மருந்துச் சீட்டு.

"பிள்ளை எங்க?" என்றாள் கவுன்டர்காரி.

"வீட்டுலங்க. பஸ் குலுக்குனாலே அவளுக்கு இழுத்துரும். ஆலோசனை எங்களுக்குத்தானே?"

"ஆலோசனை உங்களுக்கு. பில் பிள்ளை பேர்ல. டாக்டர் முன்னால நாற்காலில பிள்ளை இல்லன்னா இன்சூரன்ஸ் கம்பெனி பணம் தராது. நான் சொல்லலம்மா, கம்ப்யூட்டர் சொல்லுது."

அடுத்த முறை நாற்காலியில் பிள்ளை இருந்தது. பக்கத்து வீட்டுக்காரியின் மகள். பூசணி என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பாள். அவள் பாட்டுக்கு பிஸ்கட் தின்றாள். டாக்டர் அவளைப் பார்த்தார், தாயைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் பேச ஆரம்பித்தார். நர்ஸ் வழக்கப்படி பூசணியை எடைபோட்டாள்.

பூசணி மாதாமாதம் ஏறினாள். கடைசியில் எடை மெஷினின் முள் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, மறுபடி பூஜ்யத்தில் வந்து நின்று மூச்சு வாங்கியது. நர்ஸ் மெஷினைத் தட்டிப் பார்த்துவிட்டு, 'நன்றாகத் தேறிவிட்டாள்' என்று எழுதினாள்.

வீட்டில் பாயில் கிடந்த மகள் ஒவ்வொரு முறையும் கேட்பாள்: "இன்னைக்கு நான் எவ்ளோ வெயிட்டும்மா?"

அடுத்த மாதம் கவுன்டர்காரி சிரித்தாள். "நல்ல சேதி. உங்க பொண்ணுக்குக் குணமாயிருச்சுன்னு கம்பெனியே சொல்லிருச்சு. இனி ஆலோசனையும் இல்ல, மருந்தும் இல்ல."

"அது எங்க பொண்ணு இல்..." என்று தொடங்கியவனின் காலை மிதித்து, தையல்காரி அவன் காதில் கிசுகிசுத்தாள்.

"வாய மூடுய்யா. அப்ப இத்தனை நாள் உக்காந்தது யாருன்னு கேப்பாங்க. உன் வேலையும் போயிரும்."

பூசணி அவள் கையை இழுத்தாள். "அத்தை, எனக்குக் குணமாயிருச்சா?"

"ஆயிருச்சுடி கண்ணு."

அன்று மாலை, கடைசி மாத்திரையைத் துணி வெட்டும் கத்தரியால் நாலாக்கினாள். ஒரு துண்டு தெறித்துப் போனது. கணவனும் மனைவியும் தரையில் கவிழ்ந்து தேடினார்கள். மகள் பாயிலிருந்தபடியே கையை நீட்டித் துழாவினாள்.

உண்மையில், அந்தத் தொழிற்சாலையின் இன்சூரன்ஸில் தொழிலாளிகளின் பிள்ளைகள் எந்தக் காலத்திலும் சேர்க்கப்பட்டதே இல்லை. இதைச் சொல்லி முடிக்கும்போது என் மூன்று பற்களும் என் உள்ளங்கையில் கிடக்கின்றன.