ஏழு மணிக்குச் சுவரில், எட்டு மணிக்கு வாசலில்

“பகல்ல உங்க மாடில நிக்கிறது யாருக்கா?” என்று சோலார் மெக்கானிக் டொமினிக் கேட்டபோது தனக்கோடிக்குப் பதில் தெரிந்திருந்தது. பதினேழு நாளாக, சாயங்காலம் ஏழு மணிக்கு, அந்த ஆளை அவள் தன் வீட்டுச் சுவரில் பார்த்துக்கொண்டிருந்தாள். அது அவள் புருஷன் கோவிந்தன்.

ஈஜிபுராவில் அவர்கள் குடியிருந்த அறை இரண்டாயிரமாவது வருஷம் கட்டியது. வீட்டுக்காரர் சின்னப்பா அனுமதி வாங்காமல் முதல் மாடியில் எழுப்பியதால் மீட்டர் கிடைக்கவில்லை. அதனால் மொட்டை மாடியில் கைப்பிடிச் சுவரை ஒட்டித் தெற்குப் பார்த்து ஒரு சோலார் பலகை, கட்டிலுக்கு அடியில் ஒரு பேட்டரி, ஒரு டியூப் லைட். பலகையைத் தூசி தட்டித் துடைக்க வேண்டும், பேட்டரிக்கு மாதம் ஒருமுறை டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும், அப்படிச் செய்தால் தினம் நாலு மணி நேரம் எரியும். விளக்கைப் போட்ட முதல் ஒரு மணி நேரத்துக்கு, அன்று பகலில் பலகைமேல் விழுந்த நிழல்களெல்லாம் வெளிச்சத்தோடு இறங்கி வந்து எதிர்ச்சுவரில் விழும். சில பலகைகள் அப்படித்தான் என்றும் வாரண்டியில் அது வராது என்றும் டொமினிக் சொன்னான். முதல் இரண்டு வருஷம் காக்கை, பட்டம், கொடியில் ஆடும் பாவாடை என்று வந்துகொண்டிருந்தன. அடுத்த வீட்டு அன்னம்மாள் இந்த மாடியில் காயப்போட்ட மிளகாய் குறைந்த நாளில், சுவரில் குனிந்த கொண்டையை வைத்தே ஆளைப் பிடித்தாள். அதிலிருந்து சண்டை வந்தால் சின்னப்பாவே ஏழு மணிக்கு வந்து தரையில் உட்கார்ந்து, “ஸ்வல்ப, கொஞ்சம் நகரும்மா, மறைக்குது” என்பார்.

தனக்கோடி பகலில் கோரமங்களாவில் மூன்று வீட்டில் பாத்திரம் தேய்த்தாள். வந்து கை காய்வதற்குள் டெய்லர் கடை ரவிக்கைகளுக்குக் கொக்கி தைக்க உட்காருவாள். அவள் வீட்டில் இல்லாத அந்தப் பகல்பொழுதில்தான் கோவிந்தன் மாடியேறினான். பீன்யாவில் அவன் வேலை பார்த்த கம்பெனி மூடிவிட்டதை அவன் சொல்லவில்லை. சாப்பாட்டுத் தூக்கோடு கைப்பிடிச் சுவர் ஓரமாக நின்று தெருவைப் பார்த்தான். தன் நிழல் பின்னால் பலகையில் விழுவதை அவன் கவனிக்கவில்லை. ஏழு மணிக்குச் சுவரில் வந்தான், எட்டு மணிக்கு வாசல் வழியாக வந்து, “இன்னிக்கு ஓவர் டைம்” என்று முகம் கழுவினான். சுவரில் அவனைக் கண்ட முதல் நாளே, வேறு யாரும் பார்க்காதபடி அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

“ஏண்டி, சினிமா கொட்டாய்க்கு லீவா?” என்று அன்னம்மாள் வெளியிலிருந்து கத்தினாள்.

“தலைவலிக்கா” என்றாள் தனக்கோடி. அந்தத் தலைவலி அதற்குப் பிறகு தினமும் வந்தது.

பலகையில் ஒரு மூலை மறைந்தாலும் மொத்தப் பலகையும் படுத்துவிடும். நாலு மணி நேரம் எரிந்த விளக்கு எட்டரைக்கே கண்ணை மூடியது. தை மாதக் கல்யாண ரவிக்கைகள் பாதியில் நின்றன. இன்னும் ஒரு வாரம் இப்படிப் போனால் வேலையை வேறு பெண்ணுக்குக் கொடுத்துவிடுவதாக டெய்லர் சொல்லியனுப்பினார். அந்த வேலையும் போனால் அறையைக் காலி செய்ய வேண்டியதுதான். டொமினிக்கை வரச் சொன்னது அதற்காகத்தான். அவன் பேட்டரியைப் பார்த்தான், ஒயரைப் பார்த்தான், மாடிக்குப் போய் வந்து அந்தக் கேள்வியைக் கேட்டான்.

“யாருமில்ல தம்பி, காக்கா.”

“காக்காய்க்கு இவ்ளோ நிழலா? பிரேசர் டவுன்ல எங்க காக்காவெல்லாம் சின்னதுதான்க்கா” என்று அவன் பையை மூடினான்.

அங்கே நிற்காதீர்கள் என்று சொல்ல ஒரு வாக்கியம் போதும். ஆனால் அதைச் சொன்னால் இத்தனை நாளாக அவன் சுமந்துகொண்டிருந்தது கீழே விழும். அதை எடுத்துவைக்க அவளுக்குத் தெம்பில்லை. மறுநாள் விடியலில் அவள் வீட்டிலிருந்த ஒரே ஸ்டூலை மாடிக்குத் தூக்கிப்போய், பலகைக்கு வடக்கே, தண்ணீர்த் தொட்டி ஓரமாகப் போட்டாள். பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீர் வைத்தாள். அன்று சாயங்காலம் சுவரில் காக்கை மட்டும் வந்தது. விளக்கு பதினொன்று வரை எரிந்தது. ஸ்டூல் எங்கே என்று கோவிந்தன் கேட்கவில்லை. ரவிக்கைகள் போய்ச் சேர்ந்தன. அன்னம்மாளுக்கும் கதவு திறந்தது.

மாசியில் ஒருநாள் வெயில் காய்ச்சல் என்று கோவிந்தன் ஏழு மணிக்கே வந்து படுத்தான். அன்னம்மாள் வழக்கம்போல் வந்து உட்கார்ந்திருந்தாள். சுவரில் ஒரு கை தெரிந்தது. துணியைப் பிடித்த கை; மெதுவாக, மூலைவிடாமல், பலகையைத் துடைத்தது. கூடவே குனிந்த தலையும் கோவிந்தனின் விடைத்த காதும் வந்தன. அந்தக் காதை அன்னம்மாளும் பார்த்தாள். பார்த்துவிட்டு, “அடுப்புல பால் வெச்சிட்டு வந்துட்டேன்டி” என்று எழுந்து போனாள். கோவிந்தன் படுத்தபடியே சுவரைப் பார்த்தான், பிறகு பெண்டாட்டியைப் பார்த்தான். தனக்கோடி நூலைப் பல்லால் கடித்து அடுத்த கொக்கியை எடுத்தாள்.

இரண்டு நாளில் காய்ச்சல் விட்டது. மூன்றாம் நாள் காலை அவன் மாடிக்குப் போய் ஸ்டூலைக் கொண்டுவந்து அதன் பழைய இடத்தில் வைத்தான். அவள் தூக்கை நீட்டினாள். வேலை போன நாளிலிருந்து ஒரு காலைகூடத் தவறாமல், “பீன்யாவுக்குக் கிளம்பறேன்” என்று சொல்லிவிட்டுத்தான் அவன் போவான். அன்று தூக்கை வாங்கிக்கொண்டு, பீன்யா பெயரை எடுக்காமல் படியிறங்கிப் போனான்.